எஸ்கலினை மறைத்த கவுன்

எஸ்கலினுடைய இடுப்பு அவள் அம்மா சலேத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்று காலையில் எங்கள் அலங்கார மாதா தெருவில் யாரும் அலறவில்லை, யாரும் ஓடிப்போய்க் கோயில் மணியை அடிக்கவில்லை. வாவல் மீன் மலிவாக வந்திருந்த நாள் அது. எல்லோரும் சட்டியும் கையுமாகக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம், அப்போது ஈர்க்குச்சி மாதிரி இருக்கிற சலேத் தன் வீட்டு வாசலில் நேராக வர முடியாமல் பக்கவாட்டில் திரும்பி வெளியே வந்தாள், "என்ன மைனி, எஸ்கலின் இடுப்பு மாதிரி இருக்கு?" என்று நான்தான் கேட்டேன், "அவ இடுப்புதான் எலிசா" என்று அவள் சொன்னாள், அதோடு பேச்சை விட்டுவிட்டு ரெண்டு பேரும் வாவல் பார்க்கப் போய்விட்டோம்.

எங்கள் ஆட்களுக்குள் கல்யாணப் பெண் கோயிலுக்கு வெள்ளைக் கவுன் போட வேண்டும், சாயங்கால விருந்துக்குத்தான் பட்டுச்சேலை. சேலை பாவம், எந்த உடம்பு வந்தாலும் சுற்றிக்கொண்டு போகும். கவுன் அப்படியா? உள்ளதை உள்ளபடி ஊருக்கே சொல்லிவிடும். அதனால் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், "கவுனுக்கு என்ன செய்யப் போறிய?" என்றுதான் கேட்போம், அதிலும் எஸ்கலின் மாதிரிப் பெண் என்றால் கேட்கிற விதமே வேறு.

எஸ்கலின் பெரிய உடம்புக்காரி. அந்த உடம்புக்குத் தகுந்த குரல். பால்வாடியில் டீச்சர். அவள் "அணில்" என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்கு முன்னால் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவன் எவனாவது சொல்லிவிடுவான். சிரித்தால் போச்சு, பக்கத்து வீட்டுத் தொட்டில் பிள்ளை எழுந்துகொள்ளும். அந்தச் சிரிப்பையும் பாட்டையும் கேட்டுத்தான் கிளாட்வின் அவளைக் கேட்டு வந்தான். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிற பையன், ஒரு திருவிழாவில் பாடற்குழுவில் இவள் பாடியதைக் கேட்டு ஆளைத் தேடிப் பிடித்து, கப்பல் ஏறிய பிறகும் எந்தக் கடலில் இருந்தாலும் போன் போட்டுவிடுவான், இவள் பேசுவது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும், அவன் பேசுவதுதான் கேட்காது, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கவுன் எடுக்க டவுனுக்குப் போனபோது நானும் போனேன். சலேத் கூப்பிட்டாள், போனேன், சும்மா வேடிக்கை பார்க்கப் போகவில்லை. சலேத், தொபியாஸ் அண்ணன், எஸ்கலின், கல்லூரியில் படிக்கிற இளையவள் ஜெனோவா, நான். தொபியாஸ் அண்ணன் எஸ்கலினுடைய அப்பா. அவர் வாயைத் திறப்பது பூசையில் நாக்கை நீட்டி நன்மை வாங்குகிறதுக்கு மட்டும்தான் என்று கேலி செய்வோம், அவ்வளவு அமைதியான மனுஷன். ஆனால் எஸ்கலின் மேல் உயிர். சலேத் அவளைச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது சொன்னால், அவர் ஒன்றும் பேசாமல் தன் தட்டிலிருந்த மீனை எடுத்து அவள் தட்டில் வைப்பார், எஸ்கலினும் சலேத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைத் தின்பாள்.

கடைக்காரி பேர் ஹில்டா. எஸ்கலினை நடுக்கடையில் நிற்க வைத்து, டேப்பைப் போட்டு, அளவைக் கடைப்பெண்ணுக்கு உரக்கச் சொன்னாள், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உடம்பு அஞ்சு வகை இருக்குக்கா. உங்க பொண்ணு பேரிக்கா உடம்பு. மேல கொஞ்சம், கீழ நிறைய. ஆனா கை ஆப்பிள் உடம்புக்காரங்க கை மாதிரி இருக்கு" என்றாள். பழக்கடைக்கு வந்துவிட்டோமா என்று நான் கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை. எஸ்கலின்கூடச் சிரிக்கவில்லை. ஜெனோவா போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வேறு யாரோ மாதிரி நின்றாள்.

அப்போது எஸ்கலின் தானாகவே ஒரு கவுனை எடுத்தாள். மேலிருந்து முட்டி வரைக்கும் உடம்போடு ஒட்டி வந்து, முட்டிக்குக் கீழே மீன் வால் மாதிரி விரிகிற கவுன். "அது ஒல்லியானவங்களுக்கும்மா" என்று ஹில்டா சொன்னாள், ஆனாலும் பெரிய அளவில் ஒன்று உள்ளே இருந்தது, எஸ்கலின் விடவில்லை, போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நான் பொய் சொல்ல மாட்டேன். இடுப்பு தெரிந்தது, வயிறு தெரிந்தது, கை தோள் எல்லாம் தெரிந்தது, அத்தனையும் சேர்ந்து அவள்தான் அங்கே நின்றாள், கண்ணாடியைப் பார்த்து அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "எப்பா! எப்படிப்பா இருக்கு?" என்று கூப்பிட்டாள்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அப்படியே நின்று பார்த்தது. எவளோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தொபியாஸ் அண்ணன் பக்கத்துச் செருப்புக்கடைக்குப் போய்விட்டார், பொம்பளைகள் துணி எடுக்கிற இடத்தில் அவருக்குக் கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன். சலேத் தரையைப் பார்த்துக்கொண்டே, "கழத்துட்டி, மானம் போகுது" என்றாள்.

எஸ்கலின் துணி மாற்றுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், ரொம்ப நேரம் வரவில்லை. அவள் வராத நேரத்தில் நாங்களே தேர்ந்தெடுத்தோம். மேலே ஒடுங்கி இடுப்பிலிருந்து குடை மாதிரி விரிகிற கவுனாக இருக்கட்டும், அது இடுப்பை மறைக்கும், முழங்கை வரைக்கும் லேஸ் வைத்த கை இருக்கட்டும், அது கையை மறைக்கும், முன்னால் கொசுவம் வைத்துப் பட்டை போடட்டும், அது வயிற்றை மறைக்கும், கழுத்து கீழே இறங்கட்டும், அது தாடையை மறைக்கும், தலையில் போடுகிற நெட்டு நீளமாகத் தொங்கட்டும், அது முதுகை மறைக்கும் என்று ஹில்டா சொல்லச் சொல்ல நாங்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினோம், செபமாலைக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரே ராகத்தில் ஆட்டினோம், கடைசியில் எஸ்கலின் முகம் கழுவிக்கொண்டு வந்து கவுனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "உங்க இஷ்டம்" என்றாள்.

அந்தக் கவுன் எல்லாவற்றையும் மறைத்தது. அவ்வளவு நன்றாக மறைத்ததில் மறுநாள் அதெல்லாம் அவளிடம் இல்லை.

இடுப்பு சலேத்துக்கு. கை ரெண்டும் ஜெனோவாவுக்கு, ஒல்லிப் பிள்ளைக்குத் தோளில் இருந்து ரெண்டு பெரிய கை தொங்கியது. வயிறு அளவெடுத்த ஹில்டாவுக்குப் போய், அவள் கடையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வியாபாரம் செய்கிறாள் என்று டவுனுக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். தொடை அவள் சின்ன மாமாவுக்கு, கல்யாண வீட்டில் இவளைத் தன் நண்பர்களுக்குக் காட்டும்போது எப்போதும் "இதுவும் நம்ம பொண்ணுதான்" என்று ஒரு மாதிரி சொல்வாரே, அவருக்கு. முதுகுச் சதை பாடற்குழு மாஸ்டருக்கு, அவர்தான் இவளைக் கடைசி வரிசையில் நிறுத்துவார். மிச்சம் மீதி தெருவில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. தாடைக்குக் கீழே கொஞ்சம் தெரிகிறதென்றால் அது எனக்கு முன்னாலேயே உண்டு, வேண்டுமானால் பழைய போட்டோவைப் பாருங்கள்.

யார் எதற்கு வெட்கப்பட்டார்களோ அவர்களிடம் அது போய்ச் சேர்ந்திருக்கிறது என்று புரிய எங்களுக்கு ரொம்ப நாள் பிடிக்கவில்லை. புரிந்த பிறகும் என்ன செய்தோம்? தையல்காரரிடம் போனோம். ஜாக்கெட்டைப் பிரித்தார், சட்டையைப் பிரித்தார், உள்தையலை எல்லாம் விட்டுக்கொடுத்து, "இது யாரு, எஸ்கலினா?" என்று கேட்டுக்கொண்டே தைத்தார், நாங்களும் கொதிக்கிற மே மாதத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பூசைக்குப் போனோம், ஒருத்தர் சால்வையை இன்னொருத்தர் பார்ப்போம், பார்த்துவிட்டுப் பீடத்தைப் பார்ப்போம். மீன் ஏலம் நடந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயின. நேராக அவளிடம் போய் "உன்னை நினைத்து வெட்கப்பட்டேன்" என்று சொல்வதைவிட ஜாக்கெட்டைப் பெரிதாகத் தைத்துக்கொள்வது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

சொன்னால் திரும்பிப் போய்விடும் என்பது ஜெனோவாவால் தெரிந்தது. ஒருநாள் அக்காளும் தங்கச்சியும் சோப்புக்கோ சீப்புக்கோ சண்டை போட்டு, ஜெனோவா அழுதுகொண்டே, "எங்க காலேஜ் பிள்ளைங்க எல்லாம் வருவாங்க, உன் கையப் பாத்துச் சிரிப்பாங்கன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு, போதுமா?" என்று முகத்துக்கு நேரே கத்தினாள், கத்தி முடிப்பதற்குள் அந்தக் கை ரெண்டும் எஸ்கலினிடம் வந்துவிட்டன. எஸ்கலின் தன் கையைத் தானே தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே தங்கச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சலேத்துக்கு வந்ததே கோபம்! கவுனைப் போட்டுப் பார்த்தால் லேஸ் கை மேலே ஏறாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. "கெடுத்தியேட்டி!" என்று ஜெனோவாவை இழுத்து உட்கார வைத்து, கல்யாணத்துக்கு வருகிற பிள்ளைகளின் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டி, "இவ பாப்பா, இவ சிரிப்பா, இவ போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், பொழுது சாய்வதற்குள் கை திரும்பவும் ஜெனோவாவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு சலேத் எஸ்கலினுடைய இடுப்பைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாங்க வீடு வீடாக ஏறி இறங்கினாள். "கல்யாணம் முடியுத வரைக்கும் யாரும் அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதிய. கவுன் இப்பத்தான் கச்சிதமா இருக்கு. நானே சுமக்கலையா?" என்றாள். பெற்ற தாயே சுமக்கும்போது நமக்கென்ன என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

எஸ்கலின் ஒல்லியாகிவிட்டாள். எல்லோரும் ஆசைப்பட்ட மாதிரி ஆகிவிட்டாள், ஆனால் பால்வாடிப் பிள்ளைகள் அவளிடம் போகாமல் வாசலிலேயே நின்று டீச்சர் எங்கே என்று அழுதன. அவள் தெருவில் நடக்கும்போது சுவரோரமாகவே நடந்தாள். ஒருமுறை என்னைப் பார்த்து, "அத்தை, எனக்கு நடக்கவே கூசுது. யாரோ ஒருத்தியோட உடம்பத் திருடிப் போட்டிருக்க மாதிரி இருக்கு" என்றாள். நான் சால்வையைத் தாடைக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டு, கவுன் நன்றாக இருக்கிறது என்றேன்.

கோயிலில் கடைசி ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஊரறிய அறிவித்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அவள் குரலும் போய்விட்டது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அழுததைப் பார்த்தேன், அழுகைக்கும் சத்தம் இல்லை. அன்று சாயங்காலமே கிளாட்வின் கப்பலிலிருந்து இறங்கி நேராக வந்தான். வாசலில் நின்ற எஸ்கலினிடமே, "எஸ்கலின் இருக்காளா?" என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பையனைக் குற்றம் சொல்ல முடியாது, தெரிந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

அவனிடம் அவளுடையது எதுவும் இல்லை. நாங்கள் சட்டைக்கு வெளியே நன்றாகப் பார்த்துவிட்டோம், எதுவும் இல்லை. "உடம்பு எங்க வேணா இருக்கட்டும் எஸ்கலின், கிடைக்கப்ப கிடைக்கட்டும்" என்று சொன்னான். "அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் நான் கப்பல்ல ஒவ்வொரு நாளையும் தள்ளுனேன். பீடத்துக்கு முன்னால சம்மதம்னு நீ உன் சத்தத்துல சொல்லணும். எனக்கு அது போதும்." பங்குசாமியிடம் கேட்டதற்கும் அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "இடுப்பப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லம்மா. ஆனா பொண்ணோட சம்மதம் என் காதுல விழணும். விழலைன்னா நான் எப்படி முடிச்சு வைக்க?" என்றுதான் சொன்னார்.

ஆக, குரல் கிடைத்தால் கல்யாணம், கிடைக்காவிட்டால் இல்லை. எஸ்கலின் வீடு வீடாகத் தேடக் கிளம்பினாள். தொபியாஸ் அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். அவளால்தான் கூப்பிட முடியாதே, அவர்தான் ஒவ்வொரு கதவையும் தட்டினார், கதவு திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார், எஸ்கலின் முன்னால் வந்து தன் வாயைத் தொட்டுக் காட்டுவாள், வீட்டில் இருக்கிறவர்கள் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் வரிசையாக வந்து வாயைத் திறந்து "ஆ" என்பார்கள், அந்த "ஆ" எல்லாம் அவரவர் "ஆ"வாகத்தான் இருக்கும். சின்ன மாமா சொன்னார், பாடற்குழு மாஸ்டர் சொன்னார், மணியடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார், பங்குசாமியே சொன்னார். வெயிலில் தொபியாஸ் அண்ணன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து, "பொறந்தா இப்படி ஒரு அப்பனுக்குப் பிள்ளையாப் பொறக்கணும்" என்று நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நடந்தார்.

குரல் கிடைக்கவில்லை. ஆனால் பந்தல் போட்டாயிற்று, ஆட்டுக்குச் சொல்லியாயிற்று, ஒருவேளை பீடத்துக்கு முன்னால் மாதா கொடுத்தாலும் கொடுப்பாள் என்று கல்யாண நாள் வந்துவிட்டது. கவுன் என்றால் கவுன், அப்படி ஒரு பொருத்தம்! சலேத் முன்வரிசையில் ரெண்டு பேர் இடத்தில் ஒருத்தியாக உட்கார்ந்து, அந்தக் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொபியாஸ் அண்ணன் மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுவந்து கிளாட்வின் பக்கத்தில் விட்டுவிட்டு, ஆண்கள் பக்கத்தில் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கிளாட்வின் தன் சம்மதத்தைச் சொன்னான். பங்குசாமி எஸ்கலின் பக்கம் திரும்பி, "இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். கோயிலில் ஒரு விசிறிகூட ஆடவில்லை. எஸ்கலின் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"சம்மதம் சாமி!"

அவள் குரல்தான். கோயில் கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன, கிளாட்வின் முகம் மலர்ந்தேபோய்விட்டது. ஆனால் சத்தம் பீடத்துக்கு முன்னால் இருந்து வரவில்லை. தூணின் பக்கத்தில் இருந்து வந்தது. எல்லோரும் திரும்பினோம். தொபியாஸ் அண்ணன் ரெண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றார்.

எஸ்கலினும் திரும்பினாள். அவள் உதடு மெல்ல அசைந்தது. அவர் பொத்திய கைக்குள்ளிருந்தே, அவர் தடுக்கத் தடுக்க, அவர் வாய் அவரிடமே கேட்டது:

"என் சத்தம் உங்கள என்னப்பா செஞ்சுது?"

ஐயோ, அந்த மனுஷன் நின்ற கோலத்தை நான் எதிரிக்கும் நினைக்க மாட்டேன். ஓடிப்போக வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் ஓடவில்லை. நடுவழியில் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்து மகள் முன்னால் நின்று, அவளுடைய குரலிலேயே, அவரிடம் வேறு குரல் ஏது, சொல்ல ஆரம்பித்தார். "அன்னைக்குக் கடையில வச்சு நீ எப்பான்னு கூப்பிட்ட பாரு, எல்லாரும் திரும்பிப் பாத்தாவ மவளே. யாருடா இந்த அப்பன்னு அடுத்து என்னத்தான் பாப்பாவன்னு இருந்துச்சு, ஓலையில என் பேரையும் சேத்து வாசிச்சப்ப திரும்பவும் அதே நெனப்பு..." இதுவரைக்கும் அவள் குரல். அதற்கு மேல் கரகரவென்று அவருடைய சொந்தக் குரல், நாங்கள் மறந்தே போயிருந்த குரல். "செருப்பு வாங்கப் போகல நான். நீ என் பிள்ள இல்லங்கிற மாதிரி நிக்கத்தான் போனேன்."

அவர் வாயிலிருந்து அதைக் கேட்ட பிறகு எங்களால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. யார் தொடங்கியது என்று தெரியாது, பாவத்தை அறிக்கையிடும்போது மாரில் தட்டுகிற மாதிரி ஒவ்வொருத்தராக, கவுனைப் பார்க்க டவுனிலிருந்து வந்திருந்த ஹில்டாவும்கூட, மாரில் தட்டிக்கொண்டு, எஸ்கலின், உன் கைக்கு வெட்கப்பட்டேன், எஸ்கலின், உன் முதுகுக்கு வெட்கப்பட்டேன், எஸ்கலின், உன்னை எங்கள் பெண் என்று சொல்ல வெட்கப்பட்டேன் என்று அவரவர் வாய்க்குள் முணுமுணுக்க, வரிசை வரிசையாகச் சால்வைகள் தொளதொளத்துப்போயின, பீடத்துக்கு முன்னால் கவுனின் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன, லேஸ் கிழிந்தது, பட்டை அறுந்தது. நானும் ஏதோ முணுமுணுத்தேன், என்ன என்று கேட்காதீர்கள். கடைசியில் சலேத் "என் இடுப்புல்லாட்டி அது, நான் பெத்த இடுப்பு" என்று ஓவென்று அழுதாள், தையல் மொத்தமாக விட்டுப்போனது, பழக்கதோஷத்தில் அவள் சால்வையை எடுத்துக்கொண்டு மறைக்க ஓடினாள், எஸ்கலின் அதை வாங்கிப் பீடப்படியில் வைத்துவிட்டாள். முழுசாக நின்றாள், பிரிந்துபோன கவுனோடு. ஏறிட்டுப் பார்த்தவர்கள் யாருமில்லை, அத்தனை கண்ணும் தரையில் இருந்தது.

தொபியாஸ் அண்ணன் மட்டும் அவள் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் ஏதாவது சொல்வாள், பரவாயில்லைப்பா என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"எல்லாரையும் வாயத் திறக்கச் சொல்லிப் பாத்தேம்பா" என்றாள் எஸ்கலின். "உங்கள மட்டும்தான் கேக்கல."

பிறகு அவள் பங்குசாமி பக்கம் திரும்பினாள். அவர் திரும்பவும் கேட்டார். கிளாட்வின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம், அவள் உதடு அசைந்தது, பங்குசாமி தலையை ஆட்டினார். சம்மதம் என்று அவளுடைய சொந்தக் குரலில்தான் சொன்னாளாம், முன்வரிசையில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். பின்னால் இருந்த எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை.